வலை இறங்காத இரவுகள்: மன்னாரில் ஐந்து நாட்கள்

2024 ஜூலை 22, திங்கட்கிழமை: பூநகரி வழியாக

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள மன்னாருக்கு நான் இதற்கு முன் போனது 1981இல், ஒன்பது வயதில். அம்மாவுடன் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறி இராமேசுவரம் போனோம். திரும்பி வந்தபோது அம்மா வாங்கி வந்த இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளைச் சுங்கக்காரர் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு கப்பல் நின்றது, போர் வந்தது, 1990இல் புகையிரதப் பாதையும் அழிந்தது. கூட்டுறவுத் துறையில் கணக்குப் பார்ப்பது என் தொழில். போர் முடிந்து 15 ஆண்டுகளுக்குள் பாலமும் பாதையும் வீடுகளும் மீண்டும் எழும்பிய அந்தக் கரையில் சனங்கள் எதை வைத்துச் சீவிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. அதற்காகவே ஒரு கிழமை விடுப்பு எடுத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் வந்து சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தபோது காலை எட்டு மணி. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் கடல்நீரேரி மண்ணிறமாகக் கலங்கிக் கிடந்தது. 2011 ஜனவரியில் இந்தப் பாலம் திறந்த பிறகுதான் யாழ்ப்பாணத்தவருக்கு மன்னார் பக்கத்து ஊராயிற்று. முழங்காவில், வெள்ளாங்குளம் தாண்டும் வரை வீதி நேராகவும் வெறுமையாகவும் இருந்தது. இலுப்பைக்கடவையைக் கடந்த சிறிது நேரத்தில் பேருந்தின் பின்சில்லு வெடித்தது. மாற்றுச் சில்லிலும் காற்று இல்லை. நடத்துநர் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் சில்லைக் கட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வர இரண்டரை மணி நேரமாயிற்று.

வெயிலில் நின்ற எங்களை வீதியோரத்து வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர் உள்ளே கூப்பிட்டார். பேருந்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். முதலில் அவருக்குப் பாய் விரித்துத் தலையணை போட்டார். பிறகு பதினான்கு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். கோப்பைகள் ஏழுதான் இருந்தன. ஆகவே ஏழு பேர் குடித்து முடித்ததும் கழுவி மற்ற ஏழு பேருக்குக் கொடுத்தார். சீனி தனியாக உள்ளங்கையில் வந்தது. நாங்கள் சேர்த்து நீட்டிய காசை அவர் தொடவில்லை. "வீட்டுக்கு வந்த ஆக்களிட்ட காசு வாங்கிற பழக்கம் எங்களிட்ட இல்ல" என்றார்.

அது இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. வீட்டுக்கு 5,50,000 ரூபாய் வீதம் தவணை தவணையாகக் கொடுத்து, சொந்தக்காரர்களே கட்டிக்கொள்ளச் சொன்ன திட்டம் அது. முன்சுவர் மட்டும் பூசி நீலச் சாயம் அடித்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் கல் கல்லாகத் தெரிந்தது. அந்த முன்சுவர் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிய காசு என்று அவர் சொன்னார். மகள் இன்னும் இரண்டு வருடம் நின்றால் மற்றச் சுவர்களும் முடிந்துவிடுமாம். மகள் போனபோது பேரனுக்கு நான்கு வயது. இப்போது அவன் ஏழு வயதுப் பையன். பூசிய சுவரில் கரித்துண்டால் கப்பல் வரைந்து ஏச்சு வாங்கியிருந்தான்.

மாலையில் மன்னார்த் தீவுக்கான பாலத்தைக் கடந்தோம். பழைய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. இப்போதுள்ளது 2010 மார்ச்சில் ஜப்பானிய உதவியுடன் திறக்கப்பட்டது. பாலம் முடியும் இடத்தில், ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய போர்த்துக்கேயக் கோட்டைக்கு எதிரே, ஏழெட்டுக் கழுதைகள் வீதி நடுவில் நின்றன. எந்தச் சாரதியும் ஊதுகுழலை அழுத்தவில்லை. கழுதைகள் நகரும் வரை எல்லா வாகனங்களும் காத்திருந்தன.

2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை: மன்னார் நகரம்

பெரிய தூண்களோ வேலியோ இல்லாவிட்டாலும் இது எல்லை ஊர்தான். 1974இலும் 1976இலும் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின்படி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கோடு இந்தத் தீவுக்கு முன்னால் கடலில் போகிறது. அந்தக் கோட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தையில் மீன் விலை கேட்டால் அந்தக் கோட்டைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. இன்று காலை பாரை கிலோ 1,800, விளைமீன் 1,600, சூடை 500. "நேற்றுத் திங்கள்தானே, எங்கட படகு இறங்கல்ல, அதுதான் விலை" என்றார் மீன் விற்ற அம்மா. திங்களுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மதியச் சாப்பாடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். சிவப்பரிசிச் சோறு, திருக்கைக் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, அப்பளம்; 450 ரூபாய். திருக்கையில் மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தன. யாழ்ப்பாணத்தில் நாங்கள் போடும் அளவுக்குத் தூள் போடுவதில்லை. கேட்காமலே இரண்டாம் முறை சோறு வந்தது. அதற்குத் தனிக் காசு இல்லை.

பள்ளிமுனையில் உள்ள பெருக்க மரத்தை (பாவோபாப்) பார்த்தேன். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்பது ஊர்ப் பேச்சு.

மாலையில் நான் நீண்ட நேரம் இருந்தது ஒரு வலைக் கடையில். நைலோன் வலை, மிதப்பு, ஈயம், கயிறு, படகுச் சாயம் எல்லாம் விற்கும் சிறிய கடை. ஒரு கயிற்றின் விலையைக் கேட்கப் போய்ப் பேச்சு வளர்ந்தது. கடைக்காரர் எருக்கலம்பிட்டிக்காரர், வயது 46. நான் அவரை நானா (அண்ணன்) என்றே கூப்பிட்டேன், அவர் என்னை ஐயா என்றார். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. படகில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, 2010இல் தனியாளாகத் திரும்பி வந்து வாப்பாவின் கடை இருந்த இடத்தில் பற்றை வெட்டினார். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் புத்தளத்தில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, வருமானம் இங்கே. ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு முறை பேருந்தில் போய் வருகிறார்.

வெளியேற்றம் நடந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வயது இளைஞன். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருந்த குடும்பம் ஒரே நாளில் இல்லாமற்போனதைக் கண்டவன். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அதை அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட சாமான்கள ரெண்டு வருஷம் பக்கத்து வீட்டுத் தமிழாக்கள்தான் எடுத்து வச்சிருந்தாங்க ஐயா. பிறகு அவங்களும் ஓட வேண்டியதாப் போச்சு" என்றார்.

கடையின் உயிர் ஒரு கடன் கொப்பி. நீளக் கோடு போட்ட பழைய கணக்குக் கொப்பி, ஓரங்கள் கருத்துச் சுருண்டிருந்தன. கணக்குப் பார்ப்பவன் என்று சொன்னதும் காட்டினார். ஆனால் பெயர் எழுதியிருந்த பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டே காட்டினார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தில் 46,500 ரூபாய் நிலுவை. கீழே 500, 1,000, 700 எனச் சிறு சிறு வரவுகள். ஒவ்வொரு வரவுக்கும் திகதியுடன் கிழமையும் எழுதியிருந்தது. பத்துப் பக்கம் புரட்டியும் வியாழனில் ஒரு வரவும் இல்லை, செவ்வாயில் இல்லை. புதன், வெள்ளி, சனி மட்டுமே வந்துகொண்டிருந்தன. காரணம் கேட்டேன். "நாளைக்குப் புதன். பேசாலைக்குப் போய்க் கரையில இருங்க, விளங்கும்" என்று சொல்லி, அந்த 46,500 ரூபாய்க்காரரிடமே தொலைபேசியில் பேசி, எனக்கு இடம் ஒழுங்குசெய்து கொடுத்தார்.

2024 ஜூலை 24, புதன்கிழமை: பேசாலை

பேசாலை கத்தோலிக்க மீனவ ஊர். நான் தங்கிய வீட்டுக்காரருக்கு 50 வயதிருக்கும். பதினைந்து வயதில் தொழிலுக்குப் போனவர். இங்கே தொழில் என்றால் கடல்தொழில்தான், வேறு எதையும் அந்தச் சொல்லால் யாரும் குறிப்பதில்லை. கண்ணாடியிழைப் படகு ஒன்றும் 15 குதிரைவலு இயந்திரமும் சொந்தமாக வைத்திருக்கிறார். சோளகக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடலில் தொழில். வாடைக்காற்று எழும்பினால் தென்கடலுக்கு மாறுவார்கள். இரண்டு கடலும் ஒரே தீவின் இரு பக்கத்தில் இருப்பது மன்னாருக்குக் கிடைத்த கொடை என்றார்.

மதியம் கரைக்குப் போனோம். காற்று மணலை வாரி முழங்காலில் அடித்தது. படகுகள் எல்லாம் ஏற்றிக் கிடந்தன. வலைகள் காய்ந்து, கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல காற்று, கடல் அமைதி, தொழிலுக்கு ஏற்ற நாள். ஆனாலும் ஒருவரும் இறங்கவில்லை. பெடியன்கள் படகு நிழலில் சீட்டு விளையாடினார்கள்.

அப்போதுதான் கிழமைக் கணக்கு விளங்கியது. இராமேசுவரத்து இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் கடலுக்கு வருகின்றன. மற்ற நாட்கள் அங்குள்ள நாட்டுப்படகுக்காரருக்கு என்பது அக்கரையில் அவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. அந்த மூன்று இரவுகளில் இங்கே வலை விட்டால், அவை கோட்டைத் தாண்டி வந்து வலையை அறுத்துப் போக, காலையில் கயிறுதான் மிஞ்சும். ஆகவே செவ்வாய், வியாழன், வெள்ளி இரவுகளில்தான் பேசாலை வலை விடுகிறது. ஞாயிறு கோயிலுக்கு உரிய நாள். கிழமையில் ஏழு நாள்; அதில் தொழில் மூன்று நாள். அந்த மூன்று நாளை அக்கரையின் அட்டவணை தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நடக்கும்போது மட்டும் இங்கே எல்லா இரவும் தொழில் உண்டு. "அந்த ரெண்டு மாசத்திலதான் எங்கட ஊர்ல கல்யாணம் பேசுவாங்க" என்று அவருடைய மனைவி சொன்னார்.

இழுவை மடி கடலடியை உழுதுகொண்டு போகும். மீனுடன் குஞ்சும் பாசியும் சங்கும் எல்லாம் அள்ளுப்பட்டு வரும். இலங்கையில் 2017இல் இழுவை மடித் தொழில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, காற்று எழும்பி இந்தியப் படகுகள் வரமாட்டா என்று நம்பி இவர் வலை விட்டார். 22 துண்டு வலை போயிற்று. மிதப்பும் ஈயமும் கட்டி முடிக்க ஒரு துண்டு 8,000 ரூபாய். வலைக் கடைக் கொப்பியில் நான் பார்த்த நிலுவை அந்த இரவின் மிச்சம்.

அதோடு மண்ணெண்ணெய். இந்த இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. 2024 ஜூலையில் 202. விலை இறங்கியது உண்மைதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இருமடங்குக்கு மேல் இன்னும் நின்றது, இவர்கள் பிடிக்கும் நண்டின் விலையோ அப்படி ஏறவில்லை.

மாலையில் தென்கரைப் பக்கம் நடுக்குடாவுக்குச் சைக்கிளில் போனேன். 2020 டிசம்பரில் திறந்த காற்றாலைகள் 30, வரிசையாகக் கரையோரம் நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாற். கிட்டப் போனால் ஒவ்வொரு இறகு கீழே வரும்போதும் பெரிய பாய்மரத் துணியை உதறுவது மாதிரி ஒரு சத்தம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மீன் ஒதுங்கிப்போய்விட்டது என்றும், காற்றாலைக்குப் போட்ட வீதிகள் மழைத்தண்ணீரை மறிப்பதால் மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது என்றும் சொன்னார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாற்றுக்கு இன்னும் காற்றாலைகள் அமைக்கும் திட்டம் ஒன்று 2024இல் இருந்தது. அதற்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. இந்தத் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வழியில் இருக்கிறது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் வாசலில் எதை நடுவது என்று இந்த ஊரிடம் முன்கூட்டியே இருந்து பேசியிருக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குள், நிலவு எழும்புவதற்கு முன், வீட்டுக்காரர் என்னை வடகரைக்குக் கூட்டிப்போனார். அடிவானத்தில் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் வெளிச்சங்கள். நான் எண்ணத் தொடங்கினேன். எழுபது வரை எண்ணினேன். பிறகு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நேற்றும் இலங்கைக் கடற்படை இராமேசுவரத்து மீனவர் சிலரைப் பிடித்த செய்தி வானொலியில் வந்தது. அதைக் கேட்டபோது அவருடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "அங்க இருக்கிறதும் எங்கட ஆக்கள்தான் அண்ண. அங்க அகதி முகாம்ல கிடந்தப்ப அவங்கதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க. இந்த வீடும் இந்தியா தந்தது. ஆனா வலைய அறுத்தா நான் எங்க போக?" என்றார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அவருடன் அப்படியே நின்றேன்.

இரவுச் சாப்பாடு புட்டும் முந்தின நாள் நண்டுக் குழம்பும். நண்டை உடைக்கத் தெரியாமல் நான் திணறியபோது, வீட்டின் கடைசி மகள் என் தட்டிலிருந்து எடுத்து, கால்களின் மூட்டைப் பல்லால் கடித்துக் காட்டி, சதையை உருவித் தந்தாள்.

2024 ஜூலை 25, வியாழக்கிழமை: தலைமன்னார்

தலைமன்னார்ப் பாதையின் கடைசி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி. 1914இல் போடப்பட்ட பாதை. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போயின. இந்தியக் கடனுதவியில் திருப்பிப் போட்டு, 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாரில் கொடியசைத்துப் புகையிரதத்தை அனுப்பிவைத்தார். நிலையம் துப்புரவாக இருந்தது, மேடை கழுவியிருந்தது. அந்த நேரத்தில் புகையிரதம் ஒன்றும் இல்லை. ஒரு பெண் மேடையில் சாக்கு விரித்துச் சூடைக் கருவாடு காயவைத்திருந்தார்.

தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து நடந்தால் இறங்குதுறை. நான் சிறுவனாக நின்ற அதே இடம். மரப்பலகைகள் போய், இரும்புத் தூண்கள் துருவேறி, கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. 1914இல் அக்கரையில் பாம்பன் பாலமும் திறந்தபோது சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்பு என்று ஒரே சீட்டில் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. அம்மாவுடன் நான் வந்தது இராமானுஜம் என்ற கப்பலில்.

மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் தோணியில் வந்து இறங்கி, மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தபின், அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே இறங்குதுறையில் பெட்டி படுக்கையுடன் கப்பலேறினார்கள். ஒரு ஊரின் வருமானம் முழுவதும் கடந்துபோகிறவர்களிடமிருந்து வந்த காலம் அது. சுங்கம், சுமைகாரர், சாப்பாட்டுக் கடை, காசு மாற்றுபவர், தங்குமடம் என்று அந்த ஒரு கப்பலைச் சுற்றி நூறு குடும்பம் உண்டு வாழ்ந்திருக்கும். பாதையைத் திருப்பிப் போட்டார்கள், கப்பல் திரும்பி வரவில்லை. ஆகவே புகையிரதம் இங்கே வந்து, திரும்பிப் போகிறது.

இறங்குதுறைக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கூரைத் தேத்தண்ணீர்க் கடை. தேத்தண்ணீர் 50 ரூபாய், பனங்காய்ப் பணியாரம் ஒன்று 20. இந்த வருடத்துப் பனம்பழத்தின் முதல் பணியாரம். வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே இன்னும் நார் தட்டுப்படும். நான் ஐந்து சாப்பிட்டேன். கடைக்கார அக்கா 1990இல் தோணியில் இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் இருபத்திரண்டு வருடம் இருந்து, 2012இல் திரும்பியவர். பிள்ளைகள் மூவரும் அங்கே பிறந்தவர்கள். திரும்பி வந்து பிறப்பு அத்தாட்சி எடுக்க ஒன்றரை வருடம் அலைந்தார். 2022இல் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, மூத்த மகன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாகப் படகேறி மீண்டும் மண்டபம் போய்விட்டான். தான் பிறந்த முகாமிலேயே இப்போது தன் பிள்ளையை வளர்க்கிறான்.

"முப்பது கிலோமீற்றர்தான் தம்பி. பேரனுக்கு மூணு வயசு. இப்ப போன்லதான் பாக்கிறன்."

2023 ஜூலையில் இரு நாட்டு அரசுகளும் இராமேசுவரம் – தலைமன்னார் கப்பலை மீண்டும் தொடங்குவதாக அறிக்கை விட்டன. அதே வருடம் ஒக்டோபரில் கப்பல் வந்தது நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு. அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக்குக் கப்பல் வந்ததில் எனக்குச் சந்தோஷமா என்று மட்டும் கேட்டார். சந்தோஷம்தான். ஆனாலும், மூன்று நான்கு மணி நேரம் கடல் ஓடும் வழியைத் திறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் கடக்கக்கூடிய இந்த வழியைப் பூட்டி வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மதியம் ஊர்க்கோடியில் மணல்திட்டுகள் தெரியும் இடம் வரை நடந்தேன். அங்கிருந்து அப்பால் கடற்படையின் இடம். காற்றில் குடை மடிந்து கம்பி முறிந்தது. என் தொலைபேசி அக்கரையின் அலையைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பியது. வீட்டுக்குப் பேசிய மூன்று நிமிடத்துக்கு 600 ரூபாய்க்கு மேல் கழிந்திருந்ததை மாலையில்தான் கவனித்தேன்.

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை: பேசாலைக் கரையும் திரும்பும் வழியும்

வியாழன் இரவு பேசாலைக்கே திரும்பி வந்து படுத்தேன். விடியற்காலை நாலரை மணிக்கு வீட்டுக்காரம்மா எழுப்பினார். கரையில் பெண்கள் தகரப் பந்தலின் கீழ் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். ஐந்தரைக்கு முதல் படகு, ஆறுக்கு எங்கள் படகு. ஈரமான வலையைக் குவித்துப் போட்டதும் நண்டு கழற்றத் தொடங்கினார்கள். இடது கையால் நண்டின் முதுகை அமுக்கிப் பிடித்து, வலது கையிலிருக்கும் சிறு குச்சியால் ஒவ்வொரு நூலாகக் காலிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கடிகால் முறியும்; முறிந்தால் முதல் தரம் இரண்டாம் தரமாகிவிடும், விலை பாதி. வீட்டுக்காரம்மா நாற்பது நண்டு கழற்றியதில் ஒரே ஒரு கால் முறிந்தது. நானும் ஒன்று முயன்றேன். இரண்டு கால் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக் குழம்புச் சட்டியில் போட்டார்.

தராசுக்காரர் நிறுத்தார். முதல் தரம் 6.2 கிலோ, கிலோ 1,400 வீதம் 8,680. இரண்டாம் தரம் 3.5 கிலோ, 700 வீதம் 2,450. கூட வந்த மீன் 1,600. மொத்தம் 12,730 ரூபாய். மண்ணெண்ணெய் 25 லீற்றர் 5,050, பாணும் தேத்தண்ணீரும் 430. மிச்சம் 7,250. அதை மூன்றாகப் பிரித்தார்கள்: படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, இரண்டு ஆட்களுக்கு ஒவ்வொரு பங்கு. படகுப் பங்கும் ஆள் பங்கும் சேர்ந்து இவருக்கு 4,800 ரூபாய் சொச்சம். நண்டு வாங்குபவர் முன்பு கொடுத்த முற்பணத்துக்கு 1,500 கழித்துக்கொண்டார். கையில் 3,300. நல்ல நாள் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றிரவும் விடலாம், நாளை சனி விட முடியாது.

அவர் காசை இரண்டு முறை எண்ணி, மனைவியிடம் 2,000 கொடுத்தார். 300ஐத் தன் சட்டைப் பையில் வைத்தார். ஒரு ஆயிரம் ரூபாய்த் தாளை என்னிடம் நீட்டி, போகிற வழியில் நானாவின் கடையில் கொடுத்துவிடச் சொன்னார். ஈரக் கையால் தந்த தாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் சட்டைப் பையில் நண்டு மணம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆகையால் ஜும்மாத் தொழுகை முடியும் வரை கடை பூட்டியிருந்தது. யாழ்ப்பாணப் பேருந்து இரண்டேகாலுக்கு. ஒன்றே முக்காலுக்கு நானா வந்து கதவைத் திறந்தார். நான் தாளைக் கொடுத்ததும் ஆள் யார் என்று கேட்கவில்லை. கொப்பியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தானே தேடிப் பிடித்து, பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுதினார்: 26, வெள்ளி, வரவு 1,000. நிலுவை 45,500. மை காயும் வரை கொப்பியை மூடாமல் வைத்துக்கொண்டு, வலை அறுபடாமல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.